தொண்ணூற்றேழு சதவீதம் சுருளிவேல்

என் தம்பி தவசீலன் யாருக்கு நிகர் என்று நிகரி அறிவித்தபோது, அந்த அரங்கத்தில் வாய்விட்டுச் சிரித்தவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என்னை முறைத்தார். சந்தோஷத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

நிகரி பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடைப்பந்துச் சங்கத்தில் ஒரு காலத்தில் தேர்வுக்குழு என்று ஒன்று இருந்தது. ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்து வளரும் பையன்களைப் பார்த்து, "இவன்தான் அடுத்த அந்தோணிதாஸ்", "அவன்தான் அடுத்த காஜா மைதீன்" என்று சண்டை போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் மச்சான் மகன்தான் அடுத்தவன். சண்டை முற்றிக் கோர்ட்டு வரை போனதால் நிகரி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பையனை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, ஆடவிட்டுப் பார்த்து, பேர் எடுத்த பழைய ஆட்டக்காரர்களில் இவன் யாரைப்போல வருவான், எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும். ஆரம்பத்தில் அது வெறும் யோசனையாக இருந்தது. பிறகு விதியாகிவிட்டது. அது சொல்லும் பழைய ஆட்டக்காரர்தான் பையனின் நிகர், அவர் எப்படி ஆடினாரோ அப்படியே ஆட வேண்டும். அவர் செய்யாத எதையும் செய்யக்கூடாது. புதிதாக எதையாவது செய்து பையன் கெட்டுப்போனால் சங்கம் யாருக்குப் பதில் சொல்லும்?

அன்றைக்கு சேலத்துப் பையன் ஒருவனுக்கு அந்தோணிதாஸ் எழுபத்தொரு சதவீதம் என்று வந்தது. அவன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து என் தம்பியின் படம் திரையில் வந்தது. வயது பத்தொன்பது. உயரம் ஆறடி பதினோரு அங்குலம். ஆடும் இடம் சென்டர். நிகர்: சுருளிவேல். தொண்ணூற்றேழு சதவீதம்.

"தமிழ்நாட்டுக் கூடைப்பந்து கண்ட தலைசிறந்த ஆட்டக்காரருக்கு நிகர்!" என்று மைக்கில் சொன்ன நீலமேகத்தின் குரல் நடுங்கியது. அவர்தான் நிகரியின் பொறுப்பாளர்.

நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. சுருளிவேல் எங்கள் ஊர் ஏலக்காய் மண்டி முதலாளி. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார், செருப்போடு. பந்தைக் கையால் தொட்டவர் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஊரில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் முன்வரிசை நாற்காலியில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பார். யார் கூடை போட்டாலும் அன்பளிப்பு கொடுப்பார். உடனே மைக்கில் எங்கள் ஊர் அறிவிப்பாளர் ஆரம்பித்துவிடுவார்: "இந்த அருமையான கூடைக்கு, கொடை வள்ளல், மலைபோல் நம்மோடு நிற்பவர், ஏலக்காய் மண்டி முதலாளி சுருளிவேல் அவர்கள்!" பந்தைப் போட்டவன் பேரை அதற்குப் பிறகு சொல்ல நேரம் இருக்காது. அதற்குள் அடுத்த கூடை விழுந்திருக்கும்.

நான் நேராக நீலமேகத்தின் அறைக்குப் போனேன். என் பேர் இன்பவள்ளி, தையற்கடை வைத்திருக்கிறேன், அவனுடைய அக்கா என்று சொன்னேன். எழுந்து நின்று கைகொடுத்தார்.

"சார், அவரு ஆட்டக்காரர் இல்ல சார். ஏலக்காய் யாவாரி."

"இருக்கலாம் மேடம். அந்தக் காலத்துல எல்லாரும் வேற தொழில் பாத்துக்கிட்டுத்தான் ஆடினாங்க. அதுதான் அவங்க பெருமை."

"இவரு ஆடவே இல்ல சார். நாற்காலியில உக்காந்திருப்பாரு."

நீலமேகம் பொறுமையாகச் சிரித்தார். "நான் சொல்றத கேளுங்க. நம்ம ஊர்ப் பழைய ஆட்டங்களுக்கு வீடியோ கிடையாது. மைக் செட் கடைங்கள்ல கிடந்த ஒலிப்பதிவுதான் இருந்துச்சு. கூடை விழுந்ததும் ஜனங்க கத்துற சத்தம், அதுக்கப்புறம் யார் பேரு வருதுன்னு நிகரி கேட்டுக் கேட்டு கத்துக்கிச்சு. முப்பது வருஷம் மேடம்! ஒரு சீசன் கூட விடல. காயம்னு ஒரு அறிவிப்பு இல்ல. குறி தவறினாருன்னு ஒரு அறிவிப்பு இல்ல. ஒரே ஆட்டத்துல ரெண்டு அணிக்கும் கூடை போட்டிருக்காரு. உலகத்துல வேற யாராவது செய்ய முடியுமா?"

"முடியாது சார். அதத்தான நானும் சொல்றேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

நான் விடவில்லை. "அவரு அஞ்சடி ரெண்டு அங்குலம் சார். சென்டர் ஆடுறவரு உசரமா அது?"

நீலமேகம் கொஞ்சம் யோசித்தார். பிறகு வருத்தத்தோடு தலையாட்டினார். "முப்பது வருஷம் குதிச்ச உடம்பு மேடம். தேஞ்சிருக்கும்."

வேறு நிகர் கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்கலாமாம். கேட்ட அன்றே பழைய நிகர் ரத்தாகிவிடுமாம். புது நிகர் கிடைக்க ஐந்து வருஷம் ஆகும், அதுவரை தெருவில் நடக்கும் ஆட்டத்தில்கூட அவன் இறங்க முடியாது. ஐந்து வருஷம் பந்தைத் தொடாத சென்டரை அதற்குப் பிறகு யார் சீண்டுவார்கள்?

வெளியே தம்பி காத்திருந்தான். பிறந்ததிலிருந்து எல்லா நிலைவாசலும் அவன் தலையை இடித்திருக்கிறது, அதனால் வெட்டவெளியில்கூடக் கொஞ்சம் குனிந்துதான் நிற்பான். அவன் அளவுக்குச் சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காமல், அவனுக்குத் தைத்துத் தைத்தே எனக்குத் தையல் வந்தது. அடிதடிக்குப் போகாத பிள்ளை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தால் தானே போட மாட்டான், யாருக்காவது தூக்கிக் கொடுப்பான். எதிரணிக்காரன் விழுந்தால் இவன் போய் எழுப்பிவிடுவான். ஆனால் கையில் பந்து இருக்கும் நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் நான் விடிய விடிய மிஷின் மிதித்தேன்.

"அக்கா, முதலாளிக்குப் பந்து பிடிக்கவே தெரியாதே. நான் எதப் பாத்து ஆடுறது?" என்றான்.

"சங்கத்துல இருக்கிறது மனுசந்தானடா. நாலு நாள்ல அவங்களுக்கே புரிஞ்சிரும். போய்ச் சேரு," என்றேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனம் ரொம்ப நாள் தாங்காது என்றுதான் நம்பினேன். சின்ன முட்டாள்தனம்தான் சீக்கிரம் உடையும், பெரியதற்கு ஆயுசு கெட்டி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு முதலாளியையே வரவழைத்தார்கள். மாலை போட்டு, மேளம் கொட்டி. அவர் முதல் நாள், "நான் ஆடலப்பா, அன்பளிப்புத்தான் குடுத்தேன்," என்றார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று எல்லோரும் உருகினார்கள். இரண்டாம் நாள், "ஏதோ நம்மாலானது," என்றார். வாரக்கடைசியில், "அந்தக் காலத்துல இப்பிடியா ஆடுனாய்ங்க?" என்று அலுத்துக்கொண்டார். ஊரில் இருந்த பழைய ஆட்டக்காரர்கள் நாலைந்து பேரும் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள். சுருளிவேல் இடது கையால் போடும் கூடையைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியமே செய்தார்.

தலைமைக் கோச் மேத்யூ கண்டிப்பானவர். முதலாளி என்னென்ன செய்வார் என்று அவரிடமே கேட்டுக் கேட்டுப் பயிற்சியை வகுத்தார். தவசீலன் எல்லைக்கோட்டுக்கு உள்ளே ஒரு நாற்காலியில் துண்டு விரித்து உட்கார வேண்டும். கூடை விழுந்தால் பாதி எழுந்து கும்பிட வேண்டும். நடுநடுவே சர்க்கரை இல்லாத காபி. முதலாளி பந்தைத் தொட்டதாக எங்கும் பதிவில்லை, பதிவில் இருப்பது கூடை மட்டும்தான். அதனால் தம்பியும் பந்தைத் தொடக்கூடாது. தொடாமலே போடும் அந்த வித்தை உட்கார உட்காரத்தான் கைவரும் என்றார் மேத்யூ. முகாம் டாக்டருக்குத்தான் பெரிய கவலை. பையனுக்கு இன்னும் முதலாளியைப்போலச் சர்க்கரை நோய் வரவில்லையே என்று மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

தம்பி வாரம் ஒரு முறை போன் பண்ணுவான். ஆரம்பத்தில் சிரித்தான். பிறகு சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினான். ஒரு நாள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றி ஆரம்பித்தான்.

"பந்து உருண்டு என் காலுக்கிட்ட வந்துச்சுக்கா. எடுத்துக் குடுக்கக் குனிஞ்சேன். எல்லாரும் பதறிப்போயி கத்துனாய்ங்க. மேத்யூ சார் ஓடியாந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு," என்றான். "ஒரே ஒருக்கா எறிஞ்சு பாத்தாப் போதும். உள்ள விழுகாட்டியும் பரவாயில்லக்கா."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. கிளம்பி வா, ஆட்டமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலாவது பந்தின் சத்தம் காதில் விழுகிறதே என்றான் அவன். வந்துவிட்டால் அதுவும் கிடையாது.

முதல் சர்வதேச ஆட்டத்துக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான். எதிரணி ஏதோ குளிர் தேசத்திலிருந்து வந்திருந்தது. அத்தனை பேருமே என் தம்பி உயரம். நம் ஆட்கள் நாலு பேர் ஓடத் தயாராக நிற்க, ஐந்தாவது ஆள் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்தான். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்டக்காரர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்குமே இல்லை, அப்படி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. விசில் ஊதிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் உதை வாங்கிக்கொண்டு வரட்டும், அத்தோடு நாற்காலியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். தன் தேசம் தோற்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவள் நான். எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

ஆனால் நிகரி அவர்களிடமும் இருந்தது. எதிரணியில் யார் ஆபத்தானவர் என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். குறி தவறாத மகா ஆட்டக்காரனுக்குத் தொண்ணூற்றேழு சதவீத நிகர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், ஏதோ பயங்கரமான திட்டம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மூன்று ராட்சசர்கள் வந்து என் தம்பியின் நாற்காலியைச் சுற்றிக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அவன் காபி குடித்தால் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மூக்கைச் சொறிந்தால் பின்வாங்கினார்கள். அந்தப் பக்கம் நம் நாலு பேர் அவர்களுடைய இரண்டு பேரை வைத்துக்கொண்டு விளையாடித் தள்ளினார்கள். ஒவ்வொரு கூடைக்கும் தம்பி பாதி எழுந்து கும்பிட்டான். எழும்போதெல்லாம் மூன்று பேரும் அலறினார்கள்.

இந்தியா ஜெயித்தது. வரலாறு காணாத வெற்றி. தம்பியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அந்த உயரத்தில் வளையம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனான்.

இனி அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தோற்றிருந்தால் மாற்றியிருப்பார்கள். ஜெயித்ததை எவன் மாற்றுவான்? அன்று ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நிகர் செய்யாததை இவன் செய்யக்கூடாது, சரி. அப்படியானால் நிகரைச் செய்யவைத்தால்?

மறுநாளே மண்டிக்குப் போனேன். முதலாளி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காயைத் தேய்த்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் முகாமில் மாலை போட்ட படம்.

"முதலாளி, ஒரே ஒருக்கா நீங்க பந்த எடுத்து ரிங்க பாத்து எறியணும். சங்கத்துக்காரவுக முன்னாடி. நீங்க எறிஞ்சா என் தம்பியும் எறியலாம்."

அவர் கை நின்றுவிட்டது. "எந்தாயி, விழுகாமப் போச்சுன்னா?"

"விழுகாட்டிப் போகட்டும்."

"நீ பாட்டுக்குச் சொல்லிப்புட்ட. முப்பது வருசத்துல ஒரு தப்பு இல்லைங்கிறாய்ங்க. இப்பப் போயி நானே கெடுத்துக்கிறதா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எது முதலாளி முப்பது வருசம்? நீங்க எப்ப ஆடுனீக? உக்காந்து காசு குடுத்தீக. உங்க பேருக்காக அந்தப் பிள்ள காலு மரத்துப்போயி உக்காந்திருக்கான். பெருமையா இருக்கா உங்களுக்கு?"

மண்டியில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. ஏலக்காயைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார்.

"ஆடலேன்னு எனக்குத் தெரியாதா தாயி?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "வருசா வருசம் கோப்பை குடுக்கையில பந்து மேசைக்கடியில கெடக்கும். எடுத்து ஒருக்கா எறிவமான்னு கை ஊறும். முதலாளி வெளயாடுறாருடான்னு சிரிச்சிருவாய்ங்களேன்னு கையக் கட்டிக்கிட்டு வந்துருவேன். ஒவ்வொரு கூடைக்கும் எம்பேரத்தான் சொன்னாய்ங்க. ஒருத்தன் கூட, வாங்க முதலாளி, நீங்க ஒண்ணு போடுங்கன்னு சொல்லல."

நான் எதிரே இருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். போனில் தம்பி சொன்னதும் இதே பேச்சுதான். எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் முறை வரும் என்று காத்திருக்கிற இரண்டு பேர். ஒருவருக்கு எழுபத்து நாலு வயது, இன்னொருவனுக்குப் பத்தொன்பது. அந்த இயந்திரம் எப்படிக் கணக்குப் போட்டதோ, எதைக் கேட்டதோ, எனக்குத் தெரியாது. தொண்ணூற்றேழு சதவீதம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"வாங்க முதலாளி," என்றேன். "நீங்க ஒண்ணு போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் சிமெண்ட் மைதானத்தில் ஊரே கூடியது. நீலமேகம் கேமராவோடு வந்தார். தம்பிக்கு லீவு கொடுத்திருந்தார்கள், நாற்காலியும் கூடவே வந்திருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணை மூடி எறிந்தார். பந்து அவர் தலை உயரம் வரை போய், அவர் காலடியிலேயே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கொன்றுவிடுவேன் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

நீலமேகத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நேர்மையான மனிதர், பார்த்ததை அப்படியே நிகரிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "நிகர் பந்தைத் தொட்டிருக்கிறார். எறிந்திருக்கிறார். தலை உயரத்துக்குமேல் எறியவில்லை. கூடை விழவில்லை. தவசீலனும் இனி பந்தைத் தொடலாம். தன் தலை உயரம் வரை எறியலாம். கூடை போடக்கூடாது."

"இது என்ன சார் கூத்து?" என்று நான் ஆரம்பித்தேன். தம்பி கேட்கவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, ஓடிப்போய் பந்தை எடுத்து, மோந்து பார்த்தான். தரையில் தட்டினான். இன்னொரு முறை தட்டினான். எனக்குத் தெரிந்த அந்த முகம் திரும்பி வந்துவிட்டது.

அன்றிலிருந்து முதலாளி தினமும் மண்டியைச் சீக்கிரமே பூட்டிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அதைப் பதிவு செய்ய நீலமேகமும் கேமராவோடு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. கையை எப்படி மடக்க வேண்டும், முழங்காலை எப்படி வளைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். டாக்டர் திட்டுகிறார், மகன்கள் திட்டுகிறார்கள், அவர் கேட்பதில்லை. இந்திய அணியின் சென்டர் எவ்வளவு தூரம் வருவான் என்பது இப்போது எங்கள் ஏலக்காய் முதலாளியின் தோள்பட்டையில் இருக்கிறது. லீவு கிடைக்கும்போதெல்லாம் தம்பி வந்து பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறான்.

நேற்று சாயங்காலம் முதலாளி எறிந்த பந்து வளையத்தின் இரும்பில் மோதி, டங் என்று சத்தம் கேட்டது. மைதானம் முழுக்க விசில். நீலமேகம் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. தவசீலன் இனி வளையம் வரை எறியலாம், கூடை மட்டும் இன்னும் கூடாது.

தம்பி பந்தை எடுத்துக்கொண்டு வளையத்துக்குக் கீழே போனான். அவன் உயரத்துக்கு எறியத் தேவையில்லை. ஒரு எம்பு எம்பினால் கை எட்டிவிடும். எம்பினான். பந்து வளையத்தின் விளிம்பைத் தொட்டது. ஒரு விரலால் தள்ளியிருந்தால் உள்ளே விழுந்திருக்கும். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும்தான்.

அவன் தள்ளவில்லை. பந்தோடு கீழே இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளியின் கையில் அதைக் கொடுத்தான்.

"நீங்க போடுங்க முதலாளி," என்றான்.